மூன்றாவது கேள்விக்குப் பதில்

"இதை நான் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப முடியாது. இதுல ஒரு பொய் இருக்கு," என்றார் பள்ளி அலுவலகத்தில் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் திருமதி ஹெப்வொர்த்.

எதிரே நின்ற மாணவி ப்ரையனி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிசியோதெரபி படிப்புக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள்.

எது பொய் என்று கேட்டாள். அவர் அதற்குப் பதில் சொல்லாமல், தினமும் இருபது நிமிஷம் பிந்தி வருவது ஏன் என்று கேட்டார்.

"பஸ் கிடைக்கிறதில்ல மிஸ்."

"உங்க தெருப் பிள்ளைங்களுக்கெல்லாம் கிடைக்குதே. காலையில வீட்டுல அம்மாவை யாரு பார்த்துக்கிறா?"

பார்த்துக்கொள்வது ப்ரையனிதான். நகரசபைக்குத் தெரிந்தால் நடக்க முடியாத அம்மாவைக் காப்பகத்துக்கும் தம்பி டெக்லானை வேறு வீட்டுக்கும் அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து, நாலு வருஷமாக அவள் மறைத்து வைத்திருந்த விஷயம் அது.

சனிக்கிழமைதோறும் மருந்துக்கடை வரிசையில் உன்னைப் பார்க்கிறேனே என்றார் அவர். அதோடு விடவும் இல்லை. அம்மாவை எப்படித் தூக்குவாய், கால் விறைத்துக்கொண்டால் என்ன செய்வாய், தம்பிக்கு யார் சமைப்பது என்று துருவித் துருவிக் கேட்டார். ஒவ்வொன்றையும் தாளில் குறித்துக்கொண்டார்.

இனி மறைக்க முடியாதென்று ப்ரையனி எல்லாவற்றையும் சொன்னாள். முழங்காலுக்கடியில் கை கொடுத்து, அம்மாவின் பாரத்தைத் தன் இடுப்பில் வாங்கிக்கொள்வது வரை.

"நகரசபைக்கா மிஸ் எழுதுறீங்க?"

"இல்லம்மா. அவங்க வந்தாலும் உங்களைப் பிரிக்க வர மாட்டாங்க, உதவிக்கு ஆள்தான் அனுப்புவாங்க. அதை அம்மாவையும் வச்சுக்கிட்டுப் பேசுவோம்."

கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"முன்னெல்லாம் விண்ணப்பத்துல ஒரு கட்டுரை கேட்பாங்க. வசதியான வீட்டுல காசு குடுத்து எழுதி வாங்கினாங்க. இப்ப நேரா மூணே கேள்வி. மூணாவதைப் படி."

'இந்தப் படிப்புக்காக வகுப்புக்கு வெளியே என்ன செய்திருக்கிறீர்கள்? வீட்டில் ஒருவரைப் பராமரித்திருந்தால் அதையும் எழுதலாம்.'

அதன் கீழே ப்ரையனி எழுதியிருந்தது ஒரே வரி. 'ஒன்றும் செய்யவில்லை.'

திருமதி ஹெப்வொர்த் தான் குறித்த தாளை அவள் முன்னால் நகர்த்தி வைத்தார்.

"அந்த வரியை அழிச்சிட்டு இதை எழுது. அத்தனையும் நீ சொன்னதுதான், நான் ஒரு எழுத்துகூடச் சேர்க்கல."