பிள்ளை உள்ளவங்களுக்கு மட்டும்

இந்த வருஷம் புதுசா ஒரு பிள்ளையாவது சேரலைன்னா தீவுப் பள்ளிக்கூடத்தை மூடிடுவாங்க. அப்புறம் அங்க படிக்கிற ஷிஹோ கடல் தாண்டிப் போய், நாகசாகியில முகம் தெரியாதவங்களோட ஹாஸ்டல்ல கிடக்கணும்.

அதனாலதான் துறைமுகத்துக்கு மேல பூட்டிக் கிடந்த சின்ன வீட்டை, பிள்ளை உள்ள குடும்பத்துக்குத்தான் விக்கிறதுன்னு ஊரே சேர்ந்து முடிவு பண்ணியிருந்துச்சு.

வீடு பார்க்க ஒசாகாவுலேர்ந்து புருஷன் பொண்டாட்டி வந்தாங்க. கூடவே பத்து வயசுப் பையன் ரிட்சு.

"இவனுக்கு விளையாட இங்க யாராச்சும் இருக்காங்களா?"ன்னு அந்தம்மா கேட்டாங்க.

"இல்லாமயா?" ஊர்த் தலைவர் இவாகிரி வாசலைக் காட்டினாரு. கோட்டா, மியோன்னு ரெண்டு பிள்ளைங்க காயப்போட்ட வலைங்களுக்கு நடுவுல பந்தை உதைச்சுட்டிருந்தாங்க. "டேய், வலை கிழிஞ்சா தோலை உரிச்சிடுவேன், கழுதைங்களா!"

அந்தம்மா சிரிச்சுட்டாங்க. "இந்த வீட்டையே வாங்கிக்கிறோம்."

பக்கத்துல நின்ன ஷிஹோவுக்குப் போன உயிர் திரும்பி வந்துச்சு. ரிட்சு கையைப் பிடிச்சு வெளியே இழுத்தா. "வாடா, உன் பள்ளிக்கூடத்தைக் காட்டுறேன்."

அவன் நெளிஞ்சான். "வேணாம்க்கா. அவங்க என் சித்தி, சித்தப்பா. பிள்ளை இருந்தாத்தான் வீடு கிடைக்கும்னு இன்னைக்கு ஒரு நாள் கூட்டிட்டு வந்தாங்க. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. திரும்பிப் போக படகு எப்போ?"

உள்ள போய்ச் சொல்லலாம்னு திரும்பின ஷிஹோ, பந்து உதைச்சுட்டிருந்த கோட்டாவையும் மியோவையும் பார்த்து நின்னுட்டா.

"நாலு மணிக்குடா. கோட்டாவும் மியோவும் அதுலதான் போறாங்க. அவங்க பக்கத்துத் தீவுப் பிள்ளைங்க. உங்களுக்குக் காட்டுறதுக்காக இன்னைக்கு ஒரு நாள் கூட்டிட்டு வந்தோம்."