பின்பக்கமாக நடப்போர் சங்கம்

"கொழுப்பு மாத்திரையா? ஈரலுக்கு அது எமன்" என்றார் லிப்ட் மெக்கானிக், பின்பக்கமாக நடந்துகொண்டே.

பூங்காவில் அவரைப் பின்பற்றி, அதாவது அவர் முகத்துக்கு நேரே, இன்னும் ஏழு பேர் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் நடந்து சேர்த்த கொழுப்பு பின்னால் நடந்தால் கரைந்துவிடும். இது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு.

ரத்தப் பரிசோதனையில் ஈரல் என்சைம் கணக்கு கொஞ்சம் ஏறியிருக்க, பழியை மாத்திரை மேல் போட்டு அதைக் கைகழுவியவர் அவர். அடுத்த பரிசோதனையில் கொழுப்பும் இறங்கியது, ஈரலும் சரியாகியிருந்தது. அக்கம்பக்கம் நம்பாமல் என்ன செய்யும்?

அன்று மச்சானும் வந்து சேர்ந்தான். மனைவியின் தம்பி. போன வருடம்தான் நெஞ்சில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவன்.

"எனக்கும் ஈரல் கணக்கு லேசா ஏறியிருக்கு, அத்தான். உங்க பேச்சைக் கேட்டு ஒரு வாரமா மாத்திரையை நிறுத்திட்டேன்."

மெக்கானிக்குக்குக் கால் பின்னியது. பெஞ்சில் போய் இடித்துக்கொண்டார்.

"டாக்டர்கிட்ட கேட்டியா?"

"நீங்க இருக்கும்போது அவர் எதுக்கு?"

சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் மச்சானே போய்விடலாம்.

மானத்தை விட்டார்.

தானும் சில நாள்தான் நிறுத்தினாராம். ஈரலில் படிந்த கொழுப்பால்தான் அந்தக் கணக்கு ஏறியிருக்கிறது, இந்தச் சின்ன ஏற்றத்துக்கு மாத்திரையை நிறுத்த வேண்டாம், அவ்வப்போது பரிசோதித்துக்கொண்டால் போதும், நிறுத்தினால்தான் இதயத்துக்கு ஆபத்து என்று டாக்டர் காய்ச்சி எடுத்துவிட்டாராம். அன்றிலிருந்து ஒழுங்காக விழுங்குகிறார். அதற்குள் சங்கம் கூடிவிட்டது. தலைவர் எந்த முகத்தோடு சொல்வது?

"இன்னைக்கே டாக்டரைப் போய்ப் பாரு, மாப்ளே. நான் சொன்னதெல்லாம் பொய்."

சங்கம் மொத்தமும் நின்றுவிட்டது. இனி அடிதான் என்று மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார்.

தையற்காரர் தொண்டையைச் செருமினார். அவரும் மாத்திரையை நிறுத்தவில்லையாம். தலைவர் மனசு நோகுமே என்றுதான் வெளியே சொல்லவில்லையாம். தபால்காரர் தினமும் விழுங்கிவிட்டுத்தான் இங்கே வருகிறாராம். மற்றவர்களும் 'நாங்களும்தான்' என்று தலையாட்டினார்கள். ஒருவருடைய சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையே எட்டிப் பார்த்தது.

மச்சான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

"அப்போ நிஜமாவே நிறுத்தின மடையன் நான் ஒருத்தன்தானா, அத்தான்?"