இரவல் கல்

மாலைக் கல்லூரிக்கு இரவலாக வந்த கல்லை மறுநாள் திருப்பி அனுப்ப வேண்டும். அதில் பதிந்திருந்தது டிரைலோபைட் என்ற ஆதிகாலக் கடல் பூச்சி. சாக்பீஸ் தூள் போகட்டும் என்று மாணவி இசக்கிச்செல்வி அதை வாளியில் ஊறப்போட்டு, வகுப்பைப் பூட்டிச் சாவியோடு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் கல் இருந்தது. பூச்சி இருந்த இடத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு குழிதான் இருந்தது.

“சாவி உங்கிட்டத்தான இருந்துச்சு? பூச்சி தானா எந்திச்சா போயிட்டு?” என்றார் நந்தகோபால் சார்.

“நான் எடுக்கல சார். போர் தண்ணியில ஊறப்போட்டேன், அவ்வளவுதான்.”

“உப்புத் தண்ணியிலயா?”

“பின்ன, குடிதண்ணிய இதுக்கா ஊத்துவாவ?”

அவர் குனிந்து அந்தக் குழியை விரலால் தடவிப் பார்த்தார்.

தான் திருடவில்லை என்று காட்ட அவள் வாளியைக் கவிழ்த்தாள். தண்ணீரோடு மெல்லிய ஓடு ஒன்று வந்து விழுந்தது. பாம்பு உரித்த சட்டை போல வரிவரியாக இருந்தது. எடுத்து விரித்தாள். அவள் உள்ளங்கை முழுவதையும் அது மூடியது.