பெரியப்பாவின் பெட்டிக்கு வந்த கிராக்கி

பாராட்டுக் கடிதத்தைப் படித்துவிட்டு வியர்த்துப் போனவர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

தொலைக்காட்சித் தொடரில் தம்பி குடும்பத்தின் சொத்தை வருஷக்கணக்காகச் சுருட்டிய வில்லன் பெரியப்பா அவர். தெருவில் பார்ப்பவர்கள் இன்றும் அவரைப் "பெரியப்பா" என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட கையோடு திட்டவும் செய்வார்கள். போன வருஷம் வீட்டை ஒழித்தபோது, அவருடைய ஒப்பந்தங்கள், வசனத் தாள்கள், போட்டோக்கள், ரசிகர் கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரு பெரிய பெட்டியில் கட்டி ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டாள் மனைவி. இப்போது காப்பகத்திலிருந்து கடிதம். 'இந்த ஆண்டு எங்கள் படிப்பறையில் அதிகம் பேர் கேட்டுப் பார்த்தது தங்கள் பெட்டியைத்தான்!'

"பாத்தீங்களா, உங்க மதிப்பு உங்களுக்கே தெரியல!" என்று மனைவி பூரித்துப் போனாள்.

பெரியப்பாவோ கடிதத்தை இன்னொரு தடவை படித்தார். அந்தப் பெட்டியில்தானே நீல ஃபைலும் இருக்கிறது!

ஒரு சமயம், தொடரில் பெரியப்பாவை லாரி ஏற்றிக் கொன்றுவிடலாம் என்று சானலில் முடிவு செய்தார்கள். விஷயம் காதுக்கு எட்டியதும் அவர் சும்மா இருக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, விதவிதமான கையெழுத்தில், 'பெரியப்பாவைக் கொல்லாதீர்கள்' என்று மூட்டை மூட்டையாக ரசிகர் கடிதம் எழுதித் தள்ளினார். சானல் மிரண்டுபோனது. லாரி தம்பி மேல் ஏறியது.

தம்பியாக நடித்தவர், "என்னைக் கொன்னது யாருன்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன்" என்று இன்றைக்கும் பேட்டி கொடுத்துக்கொண்டு திரிகிறார். அந்தக் கடிதங்களின் அடித்தல் திருத்தல் பிரதிகள் அவ்வளவும் நீல ஃபைலில் பத்திரமாக இருந்தன. இத்தனை பேர் பெட்டியைக் கிளறுகிறார்கள் என்றால் வேறு எதற்கு? தம்பி ஆள் அனுப்பியிருக்கிறான். மாட்டினால் மானம் கப்பலேறிவிடும்.

திருடிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தார்.

வாக்கிங் போவதாக மனைவியிடம் சொல்லிவிட்டு, ஒட்டுத்தாடி, டோப்பா, சோடாபுட்டிக் கண்ணாடி சகிதம் ஆராய்ச்சியாளராகக் காப்பகத்துக்குள் நுழைந்தார். பையை வெளியே வாங்கி வைத்துக்கொண்டார்கள். பேனாவுக்கும் அனுமதி இல்லை, பென்சில் மட்டும்தான். பொறுப்பாளர் அம்மாள் பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு வந்து கொடுத்தார்.

மேலாக இருந்தது அவருடைய முதல் ஒப்பந்தம். அதன் கீழே, தலை நிறைய முடியோடு ஒரு போட்டோ. 'கண்ணை உருட்டாமல் நடிக்கவே வராதா?' என்று டைரக்டர் கிறுக்கியிருந்த வசனத் தாள். பெரியப்பா தன்னை மறந்தார். சிரித்தார், மூக்கை உறிஞ்சினார், மறுபடியும் சிரித்தார். அறையைப் பூட்டப்போகிறோம் என்று சொன்னபோது அவர் பாதிப் பெட்டியைக்கூடத் தாண்டியிருக்கவில்லை. திருட வந்தவர் தன் கதையைத் தானே படித்துவிட்டுச் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்.

மறுநாள் அதே வேஷத்தில் போனால், "அந்தப் பெட்டியை இப்பத்தான் ஒருத்தர் வாங்கினார் சார்" என்றார் அம்மாள்.

ஜன்னலோரம் ஒரு தடித்த ஆள், எழுத்தைப் பார்க்காமல் தாள்களைச் சரசரவென்று தள்ளிக்கொண்டிருந்தான். எதையோ தேடுகிறான்! பெரியப்பா உற்றுப் பார்த்தார். மீசை ஓரத்தில் வெள்ளையாகப் பசை. இத்தனை வருஷம் மேக்கப் போட்ட கண்ணுக்கு அது தப்புமா? ஒட்டுமீசை! அதே நேரம் அந்த ஆளின் கை நீல ஃபைலை வெளியே எடுத்தது.

பெரியப்பா பாய்ந்தார். "யார்டா உன்னை அனுப்பினது? தம்பியா?"

மீசை அவர் கையோடு வந்தது. அலறி எழுந்த ஆளின் முழங்கை பெரியப்பாவின் தாடையில் இடித்தது. அவர் கன்னத்தைப் பொத்திக்கொண்டார்.

அம்மாள் ஓடிவந்தார். "ஐயோ சார், சத்தம் போடாதீங்க! அவர் எங்க வீட்டுக்காரர்!"

"என்னது?"

"ஆளே வர்றதில்லைன்னு இந்தப் படிப்பறையை மூடப் பாக்குறாங்க சார். என் வேலையும் போயிடும். அதான் இவரு, என் தங்கச்சி, நாத்தனார்னு ஆளுக்கொரு வேஷம் போட்டு வரவெச்சு, கையெழுத்து வாங்கி ஒப்பேத்திட்டிருக்கேன்."

பெரியப்பா கையிலிருந்த மீசையை மேஜைமேல் வைத்தார். "அதுக்கு ஏன் அந்த நடிகரோட பெட்டி?"

"அதுதான் சார் கீழ்த்தட்டுல இருக்கு. எனக்கு முட்டி வலி, ஏணி ஏற முடியாது."

"அப்போ உள்ள இருக்கிறதை யாருமே படிக்கலையா?"

"அதைப் போய் யார் சார் படிப்பா?" என்றார் மீசை போன வீட்டுக்காரர். "தூக்கம் வந்தா இந்த நீல ஃபைலைத் தலைக்கு வெச்சுப்பேன். நல்ல மெத்துமெத்துன்னு இருக்கும்."

பெரியப்பாவுக்கு அப்பாடா என்று இருந்தது. அடுத்த நொடியே அழுகை அழுகையாக வந்தது. மானம் தப்பியதை நினைத்துக் குதிப்பதா, ஒரு ஜீவன்கூடத் தன்னைத் தேடி வரவில்லையே என்று உட்கார்ந்து அழுவதா? அவருக்கே விளங்கவில்லை.

அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார். "மேலிடத்துல மட்டும் சொல்லிடாதீங்க சார். நேத்து நீங்க படிச்சுப் படிச்சுச் சிரிச்சதையும் கண்ணைத் துடைச்சுக்கிட்டதையும் பாத்தேன். அந்த நடிகருக்கும் ஒரு ரசிகர் இருக்காரேன்னு நெனச்சேன். இந்த வருஷம் இந்த ரூமுக்கு வந்த நிஜமான ஆள் நீங்க ஒருத்தர்தான் சார்!"

அந்த நிஜமான ஆள், பிய்ந்துபோன தாடியைக் கன்னத்தோடு சேர்த்து அழுத்திப் பிடித்தபடியே தலையை ஆட்டினார்.