தாம்பாளத்தில் வந்த மாப்பிள்ளை

மாப்பிள்ளைமேல் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது.

பக்கத்து மணையில் உட்கார்ந்து அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளித் தாம்பாளத்தில் பட்டு விரித்து, மாலை போட்டு, மாப்பிள்ளை படுத்திருந்தார். முழங்கை நீளம்கூட இல்லாத ஒரு கட்டாரி.

கள்ளிமேட்டு ஜமீனில் அப்படித்தான் வழக்கம். பட்டத்து ராணியைக் கட்ட மட்டும் மகாராஜா நேரில் போனார். அடுத்தவளுக்கு அவர் சார்பில் யாளிப்பிடி போட்ட வளைந்த வாள் போயிற்று. அதற்கடுத்தவளுக்கு நேர்வாள். பிறகு ஒருத்திக்குச் சுருள்வாளை அனுப்பி, அது மணையிலேயே சுருள் அவிழ்ந்து சாஸ்திரிகளின் காலைக் கிழித்த கதையை ஊரே சொல்லிச் சிரிக்கும்.

இவளுக்குக் கட்டாரி. இனி எவளாவது வந்தால் பாக்குவெட்டியைத்தான் அனுப்பவேண்டும்.

தூ, இதெல்லாம் ஒரு பிழைப்பா! ஒரு பகல் குதிரையேறி வர அந்த மனுஷனுக்கு உடம்பு வணங்கவில்லை.

அவள் அப்பா சங்கிலிவீரனுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஊர் நாட்டாண்மை என்பது போய், இனி அரண்மனைக் கொலுவில் அவருக்கும் ஓர் ஆசனம். காலையில் கட்டாரி பல்லக்கிலிருந்து இறங்கியபோது ஊரோடு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். மருமகனே என்று கட்டிப்பிடிக்காத குறை.

ஈ பறந்தது. திரும்பி வந்தது. கூட இன்னொன்றையும் அழைத்து வந்தது.

அப்போதுதான் அவள் குனிந்தாள்.

பன்னீர் வாசத்துக்கு அடியில் வேறொரு வாடை. அலகு பிடியோடு சேரும் மூலையில் மஞ்சளாய் ஏதோ உறைந்திருந்தது. கொழுப்பு. அதில் ஒட்டிக்கொண்டு ஓர் ஆட்டுமயிர்.

வழியில் சத்திரத்தில் எவனோ கறி அறுத்திருக்கிறான். மகாராஜாவை எடுத்துத்தான். துடைக்கக்கூட இல்லை.

அவள் நாற்றம் தாங்காமல் முந்தானையால் வாயைப் பொத்தினாள். அத்தை மாடத்தி அதை வெட்கம் என்று நினைத்துக் கன்னத்தைக் கிள்ளினாள். அந்த விரலைக் கடித்துத் துப்பலாம் போலிருந்தது அவளுக்கு.

தாலி ஏறிவிட்டால் அவ்வளவுதான். அந்தப்புரத்தில் ஒரு மூலை. மகாராஜா கூப்பிட்டால் போகலாம். கூப்பிடாமலே நரைத்துப் போனவர்களும் அங்கே இருந்தார்கள். பிணமாகத்தான் அந்த வாசலைத் தாண்டி வருவார்கள்.

"மாப்பிள்ளை குளிக்கலையோ?" என்றாள்.

மேளம் ஓய்ந்திருந்த நேரம். எல்லார் காதிலும் விழுந்துவிட்டது.

பெண்கள் களுக்கென்று சிரித்தார்கள். கட்டாரியைக் கொண்டுவந்த காரியஸ்தர் தீத்தாரப்பர் சிரிக்கவில்லை. பெண்ணுக்கு வாய் நீளம் என்று அரண்மனையில் போய்ச் சொல்லத்தான் போகிறார். அப்பாவின் முகம் கறுத்தது.

"ஏட்டி, வாய மூடு. மகாராஜா கேட்டுக்கிட்டு இருக்காவ."

கேட்கிறாராம், கேட்கிறார். அவள் ஈயைப் பார்த்தாள்.

சாஸ்திரிகள் அவசரப்படுத்தினார். பெண் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து அக்கினியை வலம் வரவேண்டும். அந்த ஜமீனில் அதற்குப் பிறகுதான் தாலி. கட்டாரிக்குக் கை ஏது? அரண்மனைத் தாதி தாம்பாளத்தைச் சுமந்து வருவாள். பெண் இரண்டு விரலால் பிடியைத் தொட்டுக்கொண்டு கூடவே நடப்பாள். தாலியை முடிவதும் அந்தத் தாதிதான். காலகாலமாக இப்படியே நடந்து வந்தது.

"தொட்டுக்கோம்மா. முகூர்த்தம் போறது" என்றார் சாஸ்திரிகள். தாதி தாம்பாளத்தைத் தூக்கி அவள் முன் நீட்டினாள்.

கட்டாரியின் பிடி சின்ன ஏணி மாதிரி இருந்தது. இரண்டு பக்கமும் கம்பி, நடுவே குறுக்குக் கட்டை. அதற்குள் கையைக் கொடுத்து மூடினால் அலகு முஷ்டிக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். குத்துவதற்கென்றே செய்தது அது. கட்டாரிக்குப் பெண்ணைக் கட்டிவைக்கக் கிளம்பியவர்களில் ஒருவருக்குக்கூட அது ஞாபகம் இல்லை.

அவள் இரண்டு விரலால் தொடவில்லை.

கையை முழுசாக உள்ளே விட்டாள். கொழுப்பு உள்ளங்கையில் பிசுபிசுத்தது. சீ! பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கிப் பிடித்தாள்.

தூக்கினாள்.

மாலை கழன்று விழுந்தது. தாதி வெறும் தாம்பாளத்தோடு பின்வாங்கினாள்.

காரியஸ்தர் கையை நீட்டினார். நீட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். மணப்பெண் பிடித்த கையை நடுவில் புகுந்து பிரிப்பதா? மகாராஜாவைப் பிடித்து இழுப்பதா? வழக்கத்தில் அதற்கு வழியே கிடையாது. அலகின் நுனி வேறு அவர் தொப்புளுக்கு நேராக இருந்தது.

"கீழ வைட்டி" என்று அப்பா அதட்ட ஆரம்பித்தார். முடிக்கும்போது அழுகையாகிவிட்டது.

அவள் எழுந்தாள். தாலித் தட்டை இடது கையில் எடுத்துக்கொண்டாள். அக்கினிப் பக்கம் திரும்பவில்லை. நேரே வாசலுக்கு நடந்தாள். கூட்டம் தானாக விலகியது. பழக்க தோஷத்தில் சிலர் விழுந்து கும்பிட்டார்கள்.

வாசலில் அரண்மனைப் பல்லக்கு. ஏறி உட்கார்ந்தாள். முஷ்டியை அவிழ்க்கவில்லை.

பல்லக்குத் தூக்கும் போகிகள் நாலு பேரும் எழுந்து நின்றார்கள்.

"எங்க போவணும் தாயி?"

"அரண்மனைக்கு. தாலிய அவுகளே கட்டட்டும்."

அவர்கள் அவள் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு கையைப் பார்த்தார்கள்.

உள்ளேயிருந்து காரியஸ்தர், இறக்குங்கடா, இறக்குங்கடா என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார்.

பல்லக்கு தோளுக்கு ஏறியது. மகாராஜாவே ஏறி உட்கார்ந்திருக்கும்போது காரியஸ்தர் பேச்சை யார் கேட்பார்கள்?