தறி ஓடாத தெரு

குழந்தை மறுபடி வீறிட்டது.

அவள் தொட்டிலை ஆட்டினாள். ஆட்டி ஆட்டித் தோள்பட்டை விட்டுப்போயிருந்தது.

தெருவில் சின்னச் சத்தம்கூட இல்லை. வேறு ஊர்க்காரர்கள் இப்படி ஓர் அமைதிக்குச் சொத்தையே எழுதி வைப்பார்கள். இந்தக் குழந்தைக்கு அதுதான் எமன்.

சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறிப் பட்டறை. வயிற்றில் இருந்த நாளிலிருந்தே தறிச் சத்தம்தான் அதற்குத் தாலாட்டு. கூலியை உயர்த்தக் கேட்டுத் தெருவே தறிகளை நிறுத்திய அன்று போன தூக்கம் இன்னும் திரும்பவில்லை.

முதலாளிக்கும் அது தெரியும். பிள்ளையைத் தூங்க வைக்கவாவது தறிக்கு வந்துதானே ஆகவேண்டும் என்று நேற்று வாசலில் நின்று சிரித்துவிட்டுப் போனார்.

புருஷன் காலையிலிருந்து பட்டறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரே ஒரு தறியை மட்டும் ஓட்டினால் என்ன என்று கேட்க அவன் வாயெடுப்பதை அவள் பார்த்துவிட்டாள்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்று ஓடினால் எல்லாம் ஓடும். அப்புறம் கூலியை யார் கேட்பது?

மணைக்கட்டையைக் கவிழ்த்துப் போட்டாள். சப்பாத்திக் கட்டையை எடுத்து அதன்மேல் தட்டினாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே தறி ஓட்டிய கை. தாளம் பிசகவில்லை.

சடக் புடக். சடக் புடக்.

குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டது. பிறகு உதட்டைப் பிதுக்கியது. மகாராணிக்கு ஒரு தறி போதாதாம்.

பக்கத்து வீட்டுப் பாவாயிக்கு யாரும் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை. உலக்கையை எடுத்து நிலைப்படியைத் தட்டினாள். எதிர் வீட்டில் பலகை. கோடி வீட்டில் கதவு.

புருஷனும் தலையைக் குனிந்தபடி வந்து கட்டில் காலைத் தட்டினான்.

சடக் புடக். சடக் புடக். தெரு முழுக்க.

குழந்தையின் கண் செருகியது.

முதலாளி ஓடி வந்தார். வேட்டி ஒரு பக்கம், துண்டு ஒரு பக்கம். முகமெல்லாம் பல். வேலைநிறுத்தம் முறிந்தது என்று வழியிலேயே யாருக்கோ ஃபோனில் சொல்லிக்கொண்டு வந்தார்.

பட்டறைக் கதவைத் தள்ளினார்.

உள்ளே தறிகள் விட்டது விட்டபடி நின்றன. ஒன்றும் அசையவில்லை.

ஃபோனில் யாரோ என்னாச்சு என்னாச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர் விடுவிடுவென்று அவள் வாசலுக்கு வந்தார். கத்துவதற்கு வாயைத் திறந்தார்.

அவள் கை நிற்கவில்லை.

"மெல்லப் பேசுங்க மொதலாளி," என்றாள். "கொழந்த இப்பத்தான் கண்ணசந்துச்சு."