மைக் இல்லாதவர்

“நான் ஏதாச்சும் குறை வெச்சுட்டேனாம்மா?”

போன வருடம், பதினோராம் வகுப்பின் பாதியில் இசைவாணி பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியபோது அவளுடைய அப்பா துரைராசு கேட்ட கேள்வி அது. அவள் தலைகுனிந்துகொண்டாள். பதில் வராததையே பதிலாக எடுத்துக்கொண்டு அவர் மண்வெட்டியோடு வயலுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் நடுவே, “சாப்பாடு எடுத்து வெச்சிருக்கேன்”, “ம்” என்பதைத் தாண்டிப் பேச்சு இல்லை.

“என்னடி, தூங்கிட்டியா?”

ஹெட்போனில் கயல்விழியின் குரல். பெரியப்பா மகள். சென்னையில் செல்போன் கேம் தயாரிக்கும் கம்பெனியில் வேலை. பொங்கல் லீவுக்கு ஊருக்கு வந்தவள், அடுத்த தெருவில் தன் வீட்டிலிருந்தபடியே இசைவாணியை விளையாட இழுத்திருந்தாள். இன்னும் வெளிவராத துப்பாக்கிச் சண்டை கேம். டெமோ மட்டும்தான் தயார்.

“இல்லக்கா, சொல்லு.”

“பாத்தவுடனே என்ன தோணுதோ அத அப்படியே சொல்லணும். எனக்காக நல்லாருக்குன்னு சொல்லாத. நம்ம டீம்ல மூணு பேரு. நீ, நான், அப்புறம் எங்க ஆபீஸ்ல புதுசா சேந்த ஒரு சார். அவர்கிட்ட மைக் இல்ல. நாம பேசுறது அவருக்குக் கேக்கும். அவரால பேச முடியாது.”

மூன்றாவது வீரனின் தலைக்கு மேல் ‘புதியவர்’ என்று எழுதியிருந்தது.

திரையில் ஓர் ஆறு, ஒரு பாலம். பாலத்துக்கு இந்தப் பக்கம் விளைந்து தலைசாய்ந்த நெல்வயல். எதிர் டீம் வருவதற்குள் வயலைக் கடந்து பாலத்தைப் பிடிக்க வேண்டும்.

ஆட்டம் தொடங்கியதும் கயல்விழியும் இசைவாணியும் கதிருக்குள் பாய்ந்து ஓடினார்கள். புதியவர் மட்டும் நின்றார். அப்படியும் இப்படியும் திரும்பினார். வரப்பைக் கண்டுபிடித்து, அதன்மேலேயே சுற்றிக்கொண்டு நடந்தார். வரப்பில் ஒளிய இடமேது? நாலடி போவதற்குள் சுடப்பட்டு விழுந்தார்.

“சார், என்ன சாமி ஊர்வலமா? வயலுக்குள்ள இறங்குங்க சார்,” என்று கயல்விழி சிரித்தாள்.

இசைவாணி சிரிக்கவில்லை.

அடுத்த ஆட்டத்திலும் புதியவர் வரப்பிலேயே நடந்தார், வரப்பிலேயே செத்தார். அதற்கடுத்த ஆட்டத்திலும் அப்படியே.

“அவர விடு. உனக்கு என்னடி தோணுது?” என்றாள் கயல்விழி.

“இவ்ளோ சுடுறாங்க. வயல்ல நிக்கிற கொக்கு பறக்கவே இல்லக்கா.”

“அடிப்பாவி. ஆபீஸ்ல எத்தன பேரு பாத்தாங்க, ஒருத்தரும் இதச் சொல்லல. வேற?”

“இங்க பேச நல்லாருக்கு. யாரு மூஞ்சியும் தெரியல.”

“ரெண்டு நிமிஷம் இரு, அம்மா கூப்பிடுது,” என்று கயல்விழி போனாள்.

அடுத்த ஆட்டத்துக்காக இரண்டு வீரர்கள் மட்டும் வயலோரம் காத்து நின்றார்கள். இசைவாணி ஹெட்போன் மைக்கை வாயருகே இழுத்துக்கொண்டாள்.

“சார், உங்களுக்கும் பேச வரலையா? எனக்கும் அப்படித்தான்.”

புதியவர் அவள் பக்கம் திரும்பினார்.

“கிளாஸ்ல எழுந்திரிச்சுப் படின்னு சொல்லுவாங்க. எழுத்தெல்லாம் தெரியும். குரல் வராது. எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க, சிரிப்பாங்க. தெனம் அந்த பயத்தோடயே பஸ்ஸு ஏறுவேன். ஒருநாள் ஏறல. அவ்வளவுதான் சார்.”

வெளியே தெருவில் நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று போனது. அதன் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தாள்.

“எங்க அப்பா கேட்டாரு, ஏதாச்சும் குறை வெச்சுட்டேனான்னு. ஒரு குறையும் வெக்கல சார். நடவு அன்னைக்கிகூட ஆளுங்கள நிக்க வெச்சுட்டு, சேத்துக் காலோட என்னை பஸ் ஏத்திவிட வந்தவரு. அதச் சொல்லத்தான் நெனச்சேன். அன்னைக்கும் பாழாப்போன குரல் வரல. தன்னாலதான் நான் படிப்ப விட்டேன்னு இன்னும் நெனச்சுக்கிட்டிருக்காரு.”

விரல் தடுமாறி எந்தப் பட்டனைத் தொட்டாரோ, புதியவர் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடியும் உட்கார்ந்தார்.

“வந்துட்டேன்டி. கடைசி ஆட்டம்,” என்றாள் கயல்விழி.

ஆனால் முதலில் செத்தது அவள்தான். அடுத்து, நடு வயலில் இசைவாணி சுடப்பட்டு விழுந்தாள். திரை மெல்ல இருட்டத் தொடங்கியது.

“சார், அவ இன்னும் சாகல. பக்கத்துல போயி மண்டி போட்டா பொழைச்சுக்குவா. சீக்கிரம்,” என்று கயல்விழி பதறினாள்.

வரப்பில் நின்ற புதியவர் ஒருமுறை வயலைப் பார்த்தார். பிறகு குதித்தார். கதிர்கள் இரண்டு பக்கமும் மடங்கிச் சாய, நேர்கோடாக ஓடிவந்து இசைவாணியின் அருகில் மண்டியிட்டார். அவள் எழுந்துகொண்டாள்.

நேரம் முடிந்தது. ‘தோல்வி’ என்றது திரை.

கயல்விழியின் குரல் இறங்கியது. “வாணி, கோச்சுக்காதடி. அவரு எங்க ஆபீஸ் ஆளு இல்ல. இங்க எங்க வீட்டுலதான் உக்காந்திருக்காரு. ‘எங்கிட்டதான் பேச மாட்டேங்குது, உங்கிட்ட பேசுறப்பவாவது கேட்டுக்கிறேன்’னு...”

“தெரியும்க்கா. பொய் வயலுன்னாலும் வெளஞ்ச கதிர மிதிக்காம சுத்தி வந்து சாகுறவரு வேற யாரு இருக்கா? மொத ஆட்டத்துலயே தெரிஞ்சுபோச்சு.” இசைவாணியின் குரல் இப்போது தடுமாறவில்லை. “தெரிஞ்சுதான் பேசினேன்ப்பா.”

மடங்கிய கதிர்களுக்கு நடுவே இன்னும் மண்டியிட்டிருந்த புதியவர் எழுந்தார். கொஞ்ச நேரம் அவள் எதிரிலேயே நின்றுவிட்டு, வரப்பேறித் திரையை விட்டுப் போனார்.